இரண்டு கூட்டுக் கவுதாரிகள்

மார்ச் 3, புதன்

விடிய நல்ல பனி. ஆஸ்பத்திரி. மனிசி பரமேஸ்வரியைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டே போனேன். ஏறி மிதித்தால் குலுக்கம், அவள் வயிறு தாங்காது.

வரிசை 6.30. கூப்பிட்டது 11.20. வெள்ளைக்கார டொக்டர். நேர்ஸ் பிள்ளை தமிழில் சொன்னது: கர்ப்பப்பையில் கட்டி. வெட்டி எடுக்கலாம். எடுக்காவிட்டால் ரத்தம் இப்படியே போய்க்கொண்டிருக்கும். ஆனால் உடம்பில் ரத்தம் இப்போது ஏழு. பத்து வந்தால்தான் கத்தி வைப்பார். ஏழில் வைத்தால் மேசையிலேயே முடிந்துவிடும்.

“ரத்தம் ஏத்தேலாதோ பிள்ளை?”

“சண்டைக் காயக்காரருக்கே காணாது அண்ணை. சாப்பாட்டாலைதான் ஏத்தவேணும். இறைச்சி, ஈரல், முட்டை. இரும்புக் குளிசையும் முடிஞ்சுது. டொக்டரும் இந்த மாதக் கடைசிமட்டும்தான் நிப்பார்.”

பிறகு யார் வருவார்கள் என்று கேட்டேன். அடுத்த துண்டு நம்பரைக் கூப்பிட்டது.

ஆக இருபத்தெட்டு நாள். ஏழைப் பத்தாக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவை: முருங்கை மரம் ஒன்று. முட்டையிடாத பேட்டுக்கோழி ஒன்று, நேற்று அதையும் கீரி கொண்டுபோய்விட்டது. ஆக முருங்கை மரம் ஒன்று. சம்பளம் இல்லாத பஸ் டிரைவர் ஒருவன். வண்டி எட்டு மாதமாக டிப்போவில், ரயர் இல்லாமல் கல்லின்மேல் நிற்கிறது.

கொண்டக்டரை மறந்துவிட்டேன். கூட்டில் இருக்கிற என் கவுதாரிச் சேவல். ஆட்களைக் கூவிக்கூவி அழைப்பதால் அந்தப் பெயர். நாளைக்குத் தரவைக்குப் போக வேண்டும்.

பஸ் ஓட்டக் குறிப்பு, லொக் சீட்டு, எழுதிய கை, சுருக்கம்தான் வரும். ப. என்றால் பரமேஸ்வரி.

மார்ச் 4, வியாழன்

புறப்பட்டது 5.10. சேர்ந்தது 5.50. காற்று இல்லை.

இந்தத் தரவை யாருக்கும் சொந்தமில்லாத அரசாங்க வெளி. ஒரு பக்கம் பனை வடலி, மற்றப் பக்கம் கடல்நீரேரி, நடுவில் நாயுண்ணிப் பற்றை. முன்பு வேட்டைத் துவக்கோடு வருவோம். துவக்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது தங்கூசி நைலோன் நூலில் கட்டிய கண்ணிதான். கூட்டைப் பற்றைக்குள் வைத்துச் சுற்றிவரக் கண்ணி குத்தினால், கூட்டுச் சேவல் கூவ, தன் இடத்தில் எவன் வந்து கூவுகிறான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு வரும். கால் மாட்டும்.

6.15க்குக் கொண்டக்டர் கூவியது. உடனே பதில், வடலிப் பக்கமிருந்து. நல்ல கனத்த குரல். மூன்று வயதுச் சேவல் என்று மனதில் உரித்து, மிளகு போட்டு, சூப்பும் வைத்துவிட்டேன்.

இது கூவ, அது கூவ. ஏழு மணி. எட்டு மணி. அது கிட்ட வரவில்லை. கள்ளப் பறவை என்று நினைத்துக் கூட்டைத் தூக்கி ஐம்பது யார் தூரம் முன்னுக்கு வைத்தேன். அதுவும் கிட்டக் கேட்டது. சரி, வருகுது. மூச்சைப் பிடித்துக் குப்புறப் படுத்திருந்தேன். கடைசியில் பொறுமை கெட்டு, நாலு காலில் ஊர்ந்து பற்றையை விலக்கிப் பார்த்தால், எதிரே இன்னொரு மனிதர் நாலு காலில். அவருக்குப் பின்னால் ஒரு கூடு. அதற்குள்ளே என் மூன்று வயதுச் சேவல்.

முதலில் எழும்பி மண்ணைத் தட்டியது அவர்தான்.

“தம்பி,” என்றார், “நானும் உம்மடை பறவைக்கு விடியத்தொட்டுப் படுத்திருக்கிறன். ரெண்டுதரம் கூட்டைக் கிட்ட வேறை கொண்டுவந்தனான்.”

“நானும் ஒருதரம், அண்ணை.”

“அதுதானே பாத்தன். உவன் என்ன, வாறன் வாறன் எண்டுபோட்டு வாறானில்லை எண்டு.”

சிரிப்பு. வயிறு நோகும் வரை. எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியாது. பிறகு ஏன் சிரித்தேன் என்று வெட்கமாக இருந்தது.

பெயர் தங்கவடிவேல். வடகரைக் கடல்தொழில்காரர். இடம்பெயர்ந்து இங்கே பள்ளிக்கூட முகாமில் மகளோடு இருக்கிறார். கடலுக்குப் போகத் தடை, அதனால் தரவை. “கடலிலை வலை, கரையிலை கண்ணி. சீவன் ஒண்டுதானே.” கவுதாரியை முகாமில் அரிசிக்கு மாற்றுகிறாராம்.

வெறுங்கையோடு வீடு.

மார்ச் 6, சனி

நேற்று வெள்ளி. மச்சம் மாமிசம் தொடமாட்டாள். செவ்வாயும் தொடமாட்டாள். அந்த இருபத்தெட்டில் இதையெல்லாம் யார் கழிப்பது.

தரவை 5.45. தங்கவடிவேல் அண்ணை எனக்கு முந்தி. தரவையில் ஒரு முறை இருக்கிறது: முதலில் வருகிறவன் பச்சை ஓலை ஈர்க்கில் முடிச்சுப் போட்டுப் பற்றையில் கட்டிவிட்டுப் போவான். முடிச்சைக் கண்டால் மற்றவன் அந்தப் பக்கம் வைக்கக்கூடாது. இன்னொருவன் கண்ணியில் பறவை கிடந்தால், காலைக் கட்டி நிழலில் தொங்கவிட்டுப் போகவேண்டும். எடுப்பவனுக்குத் தரவையில் இடமில்லை. எழுதிவைத்த சட்டமில்லை. எழுதிவைத்த சட்டங்கள் எல்லாம் நாட்டில் என்ன கதியென்று தெரியும்தானே. இது மட்டும் நிற்கிறது.

அண்ணையின் முடிச்சு வலை பின்னுகிற முடிச்சு, சின்னதாக, இறுக்கமாக. என்னுடையது செருப்பு வார் அறுந்தால் கட்டுகிற மாதிரி.

ஒரு சேவல். 8.10. அண்ணை தூரத்திலிருந்து கையைக் காட்டினார்.

சூப்பு: மிளகு, சின்னச்சீரகம், உள்ளி இரண்டு பல்லு. ஈரல் புளியங்கொட்டை அளவு. ப. பாதி குடித்துவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினாள். “நீங்களும் எப்பன் குடியுங்கோவன்.” அடிக்கவேண்டும் போலக் கோபம். திருப்பித் தள்ளினேன்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு கவுதாரியில் எவ்வளவு ரத்தம் ஊறும்.

மார்ச் 9, செவ்வாய்

காற்று. கண்ணி எல்லாம் சாய்ந்தது. ஒன்றும் இல்லை.

முயல்காரர் ஒருவரைக் கண்டேன். கணக்கு மாஸ்டர், நாயும் வலையுமாக வருகிறவர். நாயைப் பிடித்தபடி தூரத்தில் நின்று, “உங்கடை பக்கம் நாய் வந்தால் பறவை கலையும், நான் கீழ்ப்பக்கமாச் சுத்திப் போறன்” என்றார். அரை மைல் கூட. அப்படியே போனார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர்.

திரும்பி வரும்போது மூவரும் ஒன்றாக. மாஸ்டர் பனங்கட்டித் துண்டு தந்தார். ஏன் கிழமையில் நாலு நாள் வருகிறேன் என்று அண்ணை கேட்டார். சொன்னேன். ஏழு, பத்து, மாதக் கடைசி. யாருக்கும் சொல்லாததை ஏன் சொன்னேனோ. மாஸ்டர், “இருபத்தெட்டு நாளிலை மூண்டு...” என்று கணக்கைத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டார்.

மார்ச் 13, சனி

விடிய ப. கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். தூக்கிக் கிடத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, கண் திறக்கும்வரை இருந்தேன். “போங்கோ, நேரம் போகுது,” என்றாள். விழுந்த மனிசி என்னை விரட்டுகிறாள்.

தரவை 7.40. இனி என்ன கிடைக்கும். நல்ல இடமெல்லாம் பிடிபட்டிருக்கும் என்று திட்டிக்கொண்டே போனேன். வடலி ஓரத்துப் பெரிய பற்றைதான் தரவையிலேயே சிறந்த இடம். அங்கே முடிச்சு கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். செருப்பு வார் முடிச்சு. என்னுடையது. நான் போடாத என் முடிச்சு.

கொஞ்சநேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அண்ணை தென்பக்கம் வெறும் மணலில் இருந்தார், ஒன்றும் வராத இடம். மாஸ்டர் அதற்கும் அப்பால்.

“ஆர் அண்ணை என்ரை முடிச்சைப் போட்டது?”

“ஆருக்குத் தெரியும். நீர்தான் வந்து போட்டுட்டுப் போய் நித்திரை கொண்டீரோ என்னவோ.” முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். “உம்மடை முடிச்சைப் போடுறது சரியான கரைச்சல் தம்பி. என்ரை விரல் பிழையாக் கட்டப் பழகேல்லை.”

இரண்டு சேவல். சைக்கிளில் வரும்போது அழுதேன். எதிரே வந்த ஆளுக்குக் கண்ணில் தூசி என்றேன். அவன் கேட்கவேயில்லை.

மார்ச் 15, திங்கள்

முதல் பங்குனித் திங்கள். ப. விடியவே முழுகிவிட்டு விரதம். ஒருநேரச் சாப்பாடு, அதுவும் மரக்கறி. அம்மனுக்கு நேர்த்தியாம், கட்டி கரையவேண்டுமென்று.

சனிக்கிழமை பிடித்த இரண்டில் ஒன்று இன்னும் உயிரோடு கூட்டில் நிற்கிறது.

கத்தினேன். “டொக்டர் தின் எண்டுறார், நீ பட்டினி கிடக்கிறாய். அம்மனே வந்து ரத்தம் ஏத்துவா?”

“நீங்கள் கும்பிடாட்டிப் பேசாமல் இருங்கோ. நான் கும்பிடுறதையும் பறிக்காதேங்கோ.”

கையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, வாய்க்குக் குறைவில்லை. முற்றத்தில் போய் இருந்தேன். பிறகு நானே கோயிலுக்குச் சைக்கிளில் கொண்டுபோனேன். பொங்கல் புகை. அவள் கும்பிட்டாள். நான் செருப்புக்குக் காவல்.

குண்டு போடும் பொம்மர் ஒன்று மேலே போனது. எல்லோரும் மரத்தடிக்கு ஓடினார்கள். ப. ஓடவில்லை. ஓட ஏலாது.

மார்ச் 18, வியாழன்

ஆஸ்பத்திரி. எட்டேகால்.

திரும்பவும் எழுதுகிறேன், எட்டேகால்.

வெள்ளைக்காரன் ப.வின் கீழ்இமையை இழுத்துப் பார்த்துச் சிரித்தான். “இப்படியே போனால் கடைசிக் கிழமை பாப்பம்” என்று நேர்ஸ். வரும் வழியில் ப. ஒரு பாட்டை முணுமுணுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நல்லது ஒன்று நடந்தால் கூடவே எது வரும் என்று பார்த்துப் பழகிவிட்டது.

பின்னேரம் தரவைக்குப் போய் அண்ணைக்குச் சொன்னேன். “அப்ப இன்னும் ஒண்டேமுக்கால்,” என்றார். “அது ஆறேழு பறவை. பிடிப்பம்.” தன் கூட்டுச் சேவலைத் தட்டி, “கேட்டியோ? கூவடா” என்றார். அந்தப் பறவை குஞ்சிலிருந்து வளர்த்தது. இடம்பெயர்ந்து வரும்போது படலையையும் பூட்டாமல், வள்ளத்தையும் விட்டுவிட்டு, இந்தக் கூட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாராம். மகள் இன்றைக்கும் ஏசுகிறாளாம்.

மார்ச் 20, சனி

வெக்கை. தரவை 5.50. வடலி ஓரத்தில் அண்ணையின் முடிச்சு, பச்சையாக. ஆளைக் காணவில்லை. கூடும் இல்லை. கண்ணி மட்டும் குத்தியபடி. ஒரு சேவல் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

காத்திருந்தேன். 9.00. வரவில்லை. சேவலின் காலைக் கட்டி, நாயுண்ணி நிழலில் தொங்கவிட்டேன். சிரட்டையில் தண்ணீர் கட்டினேன்.

நேற்றுப் பின்னேரம் ஹெலிகொப்டர் நீரேரிப் பக்கம் சுற்றிச் சுற்றிச் சுட்டது வீட்டில் கேட்டது. நினைக்கக்கூடாது.

எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

சேவல் அப்படியே தொங்குகிறது. தண்ணீர் மாற்றினேன். கறையான் கிண்டிக் கொடுத்தேன். முடிச்சு வாடத் தொடங்கிவிட்டது. எனக்கு இன்றும் ஒன்றுமில்லை.

எட்டேகால். ஒரு பறவை, என் கைக்கு எட்டுகிற உயரத்தில். வீட்டில் அவள். எடுத்தால் அண்ணை ஏதாவது சொல்வாரா? சொல்லமாட்டார். அதனால்தான் எடுக்கமுடியவில்லை. இரண்டுதரம் கையை நீட்டினேன், எழுதிவைக்கிறேன், யாரும் பார்க்கப்போவதில்லை.

மாஸ்டரும் வரவில்லை.

மார்ச் 23, செவ்வாய்

பறவையை அவிழ்த்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். உரியவரிடம் கொடுக்கிறதுதானே முறை.

பள்ளிக்கூடம். வகுப்பறைக்கு நாலு குடும்பம். மகளைக் காட்டினார்கள். தலைவிரி கோலமாகச் சுவரோடு இருந்தது. பக்கத்திலிருந்த மனுசி சொன்னது:

வெள்ளிக்கிழமை பின்னேரம். அண்ணை அடுத்த நாளுக்கு இடம் பிடிக்கப் போயிருந்தார். முடிச்சுப் போட்டு, கண்ணி குத்தி முடிய ஹெலி வந்ததாம். வெட்டவெளியில் ஒதுங்க இடமில்லை. வயிற்றில் குண்டு. கீழ்ப்பக்கம் நின்ற மாஸ்டர்தான் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே வெட்ட ஆளில்லை. “வெள்ளைக்கார டொக்டர் அண்டைக்கு விடியப்புறமே போட்டாராம். கெதியா வெளிக்கிடச் சொல்லி அவையளுக்குச் செய்தி வந்ததாம்.” உழவுமெசினில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு. வழியில் முடிந்தது.

வெள்ளி விடிய. வியாழன் என் மனிசிக்கு இமை இழுத்துப் பார்த்துச் சிரித்தவன்.

பறவையை மகளிடம் நீட்டினேன். வாங்கியது. “அப்பான்ரை கண்ணியிலை விழுந்ததோ?” ஓம் என்றேன்.

நம்பிக்கை இல்லாமல் ஆஸ்பத்திரிக்கும் போனேன். டொக்டரின் அறை பூட்டு. நேர்ஸ் பிள்ளை என்னைக் கண்டு எழும்பி வந்தது. “பெரியாஸ்பத்திரியிலையும் இப்ப காயக்காரருக்கு மட்டும்தான் அண்ணை. வேறை ஆரும் வந்தால் சொல்லியனுப்புறன்.” யாரும் வரப்போவதில்லை என்று அதன் கண்ணிலேயே தெரிந்தது.

வீடு 4.30. ப. படலையடியில். நான் ஆஸ்பத்திரித் தெருவால் வருவதைக் கண்டிருக்கிறாள். “டொக்டர் என்னவாம்?”

“பத்து வரட்டுமாம்,” என்றேன்.

மார்ச் 26, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. முருங்கையிலை வறை. ப.வுக்குத் திரும்பவும் இரண்டு நாளாக ரத்தம் போகிறது. துணி தோய்க்கச் சவர்க்காரம் இல்லை, பனங்காய்க் களி.

தரவைக்குப் போனேன், பழக்கத்தில். முடிச்சு காய்ந்து மஞ்சள். அந்தப் பக்கம் வைக்கவில்லை. தென்பக்க மணலில் இருந்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லி என்ன ஆகும். பத்து பத்து என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்த எண் காதில் விழுந்தாலே எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுகிறேன்.

மார்ச் 29, திங்கள்

மூன்றாம் பங்குனித் திங்கள். மப்பு. மழை வராது.

ப. முழுகி, ஈரத் தலையோடு விளக்கு வைத்தாள். 8.00 மணிக்குப் படலையில் சைக்கிள் மணி. மாஸ்டர். கையில் அண்ணையின் கூடு.

உள்ளே வரவில்லை. படலையில் நின்றே சொன்னார். “உழவுமெசினிலை நான்தான் பக்கத்திலை இருந்தனான். நினைவு இருந்தது. ‘என்ரை சேவலைத் தம்பியின்ரை மனிசிக்குக் குடு, கூவ வைக்கவேண்டாம், சூப்பு வைக்கச் சொல்லு’ எண்டவர். ரெண்டுதரம் சொன்னவர். மகள் எட்டுச் சடங்கு முடியட்டும் எண்டு வைச்சிருந்தது.”

பழகின கூட்டுச் சேவலை யாரும் கறிக்குக் கொடுப்பதில்லை. தரவையில் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. கையில் வாங்கினேன். பாரமே இல்லை.

ப. பின்னால் நின்றதை நான் காணவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“அறுங்கோ,” என்றாள்.

“இண்டைக்குத் திங்கள்.”

“தெரியும். சாகேக்கை ஒரு மனிசன் சொன்ன சொல்லு. அம்மனிட்டை நான் கேட்டுக்கொள்ளுறன்.”

நாளைக்குப் பார்ப்போம் என்றேன். கூவ நல்ல பறவை, வைத்துக்கொண்டால் இன்னும் பத்துப் பறவை பிடிக்கலாம் என்றேன்.

“மாதக் கடைசி நாளையிண்டைக்கு. டொக்டர் போறதுக்கு முந்திப் பத்து வரவேணுமெல்லே. என்ன யோசிக்கிறியள்?”

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் டொக்டர் போனதைச் சொல்லவேண்டும். மாஸ்டருக்குத் தெரியும். அவர் சைக்கிள் ஹான்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “வாறன்” என்று போய்விட்டார்.

அறுத்தேன். கையில் எடுத்தபோது கொத்தவில்லை. மனிதக் கைக்குப் பழகியது.

மிளகு, சின்னச்சீரகம், உள்ளி. ஈரல் நல்ல பெரிது.

ப. விபூதியை அழிக்காமல் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து முழுவதும் குடித்தாள். என் பக்கம் தள்ளவில்லை. அடியில் கிடந்ததையும் விரலால் வழித்தாள். நெற்றி வேர்த்தது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்த மாதிரியும் இருந்தது.

“இப்ப பத்து வந்திருக்குமோ?”

“வந்திருக்கும்,” என்றேன்.

“அப்ப விடிய ஆஸ்பத்திரிக்குப் போவம். வெள்ளணத் துண்டு எடுக்கவேணும்.” நல்ல சீலையை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

பின்னேரம் 5.00. வெறுங்கூடு முற்றத்தில் இருக்கிறது. கொண்டக்டர் அதைப் பார்த்துக் கூவிக்கொண்டிருக்கிறது. கூவிவிட்டு நிறுத்தும், பதிலுக்குக் காத்திருக்கும், திரும்பக் கூவும்.

ப. உள்ளேயிருந்து கேட்கிறாள், எத்தனை மணிக்கு வெளிக்கிடுவம் என்று.